தாழ்மை வேறு, தாழ்வு வேறு

ஐதராபாத்தில் தார்நாகா என்ற பெயருக்குச் சொல்லப்படும் காரணம் எளிது. தார் என்றால் கம்பி. நாகா என்றால் காவல் சாவடி. கம்பி வேலி போட்ட சாவடி ஒன்று இங்கே இருந்ததாம். சாவடி போய்விட்டது, 2017-ல் மெட்ரோ ரயில் நிலையமும் வந்துவிட்டது. ஒரு பக்கம் உஸ்மானியா பல்கலைக்கழகம், இன்னொரு பக்கம் லாலாகூடா ரயில்வே தொழிற்சாலை, நடுவே ஆராய்ச்சி நிலையங்கள், ரயில்வே குடியிருப்புகள். தமிழர் பிழைக்க வருவதற்கு ஏற்ற இடந்தான். இங்குள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனமே 1958-ல் நமது குன்னூரிலிருந்து மூட்டை கட்டிக்கொண்டு வந்ததுதானே! 1966 அக்டோபர் 2-ந் தேதி, தெற்கு ரயில்வேயிலும் மத்திய ரயில்வேயிலும் சில பகுதிகளைப் பிரித்துத் தென் மத்திய ரயில்வே உருவாக்கப்பட்டது. தலைமையகம் செகந்தராபாத். அதற்குப் பின் ரயில்வே குமாஸ்தாக்களுக்கும் இந்தப் பக்கம் பழகிப் போயிற்று.

வந்த இடத்தில் இரண்டு வியாதிகள் தமிழரைப் பிடித்துக்கொள்வதுண்டு. ஒன்று, “நம்மவன் கை வைத்தால்தான் பைல் நகரும், இந்த ஊர்க்காரனுக்கு இங்கிலீஷும் வராது, கணக்கும் வராது” என்ற எண்ணம். மற்றது அதற்கு நேர் எதிர். பஸ்ஸில் தமிழில் பேசினால் யாராவது சிரிப்பார்களோ என்று குரலைத் தாழ்த்துவது. “அரவம்” என்று யாரோ சொன்னதைக் கேட்டும் கேட்காதது போல் இருப்பது. பிள்ளையிடம் “வெளியில் தமிழ் பேசாதே” என்று சொல்லி வைப்பது. விந்தை என்னவென்றால் இரண்டு வியாதியும் ஒரே ஆளுக்கு, ஒரே நாளில் வரும். காலையில் ஆபீசில் முதலாவது, மாலையில் கடைத்தெருவில் இரண்டாவது.

இதற்கு ஊரின் சரித்திரமும் கொஞ்சம் காரணம். 1948-ல் போலீஸ் நடவடிக்கை முடிந்ததும் சென்னை மாகாணத்து உத்தியோகஸ்தர்கள் பலர் ஐதராபாத் அலுவலகங்களில் வந்து அமர்ந்தார்கள். உள்ளூர்க்காரர்களுக்கு மனம் புழுங்கியது. 1952-ல் முல்கி கிளர்ச்சி வெடித்தபோது, இட்லி சாம்பாரைத் திரும்பிப் போகச் சொல்லும் கோஷம் தெருவில் எழுந்தது. கோஷம் குறி வைத்தது பெரும்பாலும் கடலோர ஆந்திரரை. ஆனால் இட்லியும் சாம்பாரும் யார் வீட்டுச் சாப்பாடு என்று தமிழருக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. வந்தவர்களின் மிடுக்கும் அந்தக் கோபத்துக்கு எண்ணெய் ஊற்றியது என்பதை மறைப்பானேன்?

இந்தத் தமிழர்களில் கிறிஸ்தவர்களும் உண்டு. ஞாயிற்றுக்கிழமை ஆலயத்தில் தாழ்மையைப் பற்றிப் பிரசங்கம் கேட்கிறார்கள். திங்கட்கிழமை மேலதிகாரி அநியாயமாகத் திட்டினால், “தாழ்மையாக இருக்க வேண்டுமே” என்று தலையைக் குனிந்துகொள்கிறார்கள். பிறகு வீட்டுக்கு வந்து மனைவியிடம் சீறுகிறார்கள். தாழ்மை என்று வேதம் சொல்வது இதைத்தானா?

பெருமை என்ற சொல்

தமிழில் பெருமை என்ற சொல்லுக்கு இரு முகம். திருக்குறளில் பெருமை என்றே ஓர் அதிகாரம் இருக்கிறது. அதற்கு முந்தியது மானம். அங்கே பெருமை நல்ல குணம். பணிந்து நடப்பதே பெரியவர்களின் அடையாளம் என்கிறார் வள்ளுவர். கிறிஸ்தவத் தமிழிலோ பெருமை என்றால் பெரும்பாலும் பாவம். மேட்டிமை, அகந்தை, இறுமாப்பு என்று அதற்குக் கூடப் பிறந்தவர்கள் வேறு. ஆறாம் நூற்றாண்டின் கடைசியில் போப்பாண்டவர் கிரகோரி பாவங்களை வகைப்படுத்தியபோது, மற்றவற்றுக்கெல்லாம் தாயாக வைத்தது இதைத்தான்.

ஆகவே தமிழ்க் கிறிஸ்தவனுக்கு ஒரு சங்கடம். தமிழன் என்ற முறையில் மானத்தோடு வாழ வேண்டும். கிறிஸ்தவன் என்ற முறையில் தாழ்மையோடு வாழ வேண்டும். போதாக்குறைக்கு 1925-ல் பெரியார் தொடங்கிய சுயமரியாதை இயக்கம் வேறு அந்தச் சொல்லைப் பட்டிதொட்டியெல்லாம் கொண்டு சேர்த்தது. மானத்தையும் தாழ்மையையும் எப்படி ஒரே பெட்டியில் அடுக்குவது?

புத்தகத்தில் விடை தேடுவதைவிட ஒரு மனிதரைப் பார்ப்பது மேல். அதற்குத் தூரமும் போக வேண்டியதில்லை. செகந்தராபாத்தில் விஜயவாடா ரயிலில் ஏறினால் வாரங்கலைத் தாண்டி, கம்மத்துக்கு முன்னால் தோர்ணக்கல் சந்திப்பு வரும். சிங்கரேணி நிலக்கரிப் பகுதிக்குக் கிளைப் பாதை பிரியும் இடம். ரயில்வேக்காரர்களுக்குப் பழகிய பெயர். அந்தச் சிற்றூரின் பெயரை உலகக் கிறிஸ்தவர்களிடம் கொண்டு சேர்த்தவர் ஒரு திருநெல்வேலித் தமிழர்.

வெள்ளாளன்விளைப் பிள்ளை

வேதநாயகம் சாமுவேல் அசரியா 1874 ஆகஸ்ட் 17-ந் தேதி திருச்செந்தூர்ப் பக்கத்து வெள்ளாளன்விளையில் பிறந்தார். தகப்பனார் தாமஸ் வேதநாயகம் அந்த ஊர்க் குருவானவர். நாடார் குடும்பம். அந்த நாளில் நாடார்களுக்கு மானம் என்பது வெறும் சொல் அல்ல. கோவிலுக்குள் போகக் கூடாது என்ற தடை. திருவிதாங்கூரில் பெண்கள் மேலாடை அணிவதற்கே பல ஆண்டுப் போராட்டம். 1899-ல் சிவகாசிக் கலவரம். சபைக்குள்ளும் புண் இருந்தது. 1849-ல் கால்டுவெல் எழுதிய புத்தகம் ஒன்று தங்கள் இனத்தை இழிவுபடுத்துகிறது என்று படித்த நாடார்கள் பிற்காலத்தில் கொதித்தார்கள். தமிழுக்கு ஒப்பற்ற இலக்கண நூல் செய்த அதே கால்டுவெல்தான்! வெள்ளைக்கார மிஷனரிகளோடு முட்டிக்கொண்ட சட்டாம்பிள்ளை என்ற உபதேசியார் 1857-ல் பிரிந்து போய்த் தனிச் சபையே கண்டார்.

இந்த மண்ணில் வளர்ந்த பையன் அசரியா. சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் கணிதம் படித்தும் பட்டம் வாங்காமலே வெளியே வந்தார். பி.ஏ. என்ற இரண்டெழுத்துக்காக ஏங்கும் நமது குமாஸ்தாக்கள் இதைக் கொஞ்சம் கவனிக்கலாம். பின்னாளில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் அவரை அழைத்து டாக்டர் பட்டம் கொடுத்தது வேறு விஷயம். 1895-ல் ஒய்.எம்.சி.ஏ.வில் சேர்ந்து செயலாளராக ஊர் ஊராகப் போனார்.

1902-ல் யாழ்ப்பாணம் போனபோது கண் திறந்தது. அங்கிருந்த தமிழ்க் கிறிஸ்தவர்கள் தங்கள் சொந்தச் செலவில் ஊழியர்களை வெளியூருக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். திருநெல்வேலியிலோ ஆயிரக்கணக்கான கிறிஸ்தவர்கள். எதற்கும் சீமையிலிருந்து பணம் வர வேண்டும், சீமையிலிருந்து ஆள் வர வேண்டும். அசரியாவுக்கு வெட்கமாகப் போயிற்று. அடுத்த ஆண்டு 1903 பிப்ரவரி 12-ந் தேதி இந்திய மிஷனரி சங்கம் பிறந்தது. இந்தியரின் பணம், இந்திய ஆட்கள், இந்திய நிர்வாகம் என்பது கொள்கை. காங்கிரஸ்காரர்கள் சுதேசி என்று ஊரெங்கும் முழங்குவதற்கு இரண்டு ஆண்டு முந்தியே இது நடந்தது. கை நீட்டி வாங்கியே பழகிய சபையைக் கொடுக்கப் பழக்குவதுதான் அதற்குச் சுயமரியாதை தரும் வழி என்று அவர் கண்டுகொண்டார். பிற்காலத்தில் கிறிஸ்தவர்கள் கொடுப்பதைப் பற்றி ஒரு புத்தகமே எழுதினார்.

சங்கம் தேர்ந்தெடுத்த பகுதி நிஜாம் ராஜ்யத்திலிருந்த தோர்ணக்கல். “போங்கள், போங்கள்” என்று மற்றவர்களைத் தூண்டிக்கொண்டிருந்தவர், ஒரு நாள் தாமே போவதென்று தீர்மானித்தார். 1909-ல் செயலாளர் வேலையை விட்டார்; குருப்பட்டம் பெற்றார்; 35-ஆம் வயதில் தெலுங்கு எழுத்துக் கூட்டத் தொடங்கினார். தார்நாகாவில் பத்து வருஷம் குடியிருந்தும் காய்கறிக்காரியிடம் விரலைக் காட்டியே பேரம் பேசும் நம்மவர்களைப் பார்க்கும்போது, இந்த ஒன்றே பெரிய காரியமாகத் தோன்றுகிறது. அடுத்தவன் மொழியைப் படிக்க வேண்டுமானால் முதலில் அவன் முன்னால் குழந்தையாக உளற வேண்டும். கர்வம் பிடித்தவனால் அது முடியாது. தன்னைத்தானே இழிவாக நினைப்பவனாலும் முடியாது, சிரிப்பார்களே என்ற பயம் அவனை விடாது.

எடின்பரோவில் கேட்ட கேள்வி

1910 ஜூனில் ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரில் உலக மிஷனரி மாநாடு கூடியது. வந்த பிரதிநிதிகள் 1,200 பேருக்கு மேல். அவர்களில் ஆசியர் இருபது பேர்கூட இல்லை. அசரியாவுக்குக் கொடுக்கப்பட்ட பொருள், வெளிநாட்டு ஊழியரும் உள்நாட்டு ஊழியரும் சேர்ந்து உழைப்பது பற்றியது. இன்னொருவராயிருந்தால் மிஷனரிமார் செய்த தியாகங்களுக்கு நன்றி சொல்லிவிட்டு, கைதட்டு வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அதுதான் தாழ்மை என்று பெயரும் எடுத்திருப்பார்.

அசரியாவும் நன்றி சொன்னார், மனப்பூர்வமாகவே சொன்னார். அதோடு நிற்கவில்லை. நீங்கள் செய்த தியாகத்தை எங்கள் சந்ததியார் மறக்கமாட்டார்கள்; ஆனால் எங்களுக்கு உங்களிடமிருந்து வேண்டியது தர்மமல்ல, நட்பு என்ற பொருள்படப் பேசினார். பல ஆண்டு கூடவே உழைத்தும் இந்திய ஊழியரைத் தம் வீட்டுச் சாப்பாட்டு மேஜைக்கு அழைக்காத மிஷனரிகள் உண்டு என்பதை அந்தச் சபையில் போட்டு உடைத்தார். மண்டபத்தில் சிலருக்கு முகம் சிவந்தது. நன்றி கெட்ட பேச்சு என்று முணுமுணுத்தவர்களும் இருந்தார்கள். இன்றைக்கு அந்த மாநாட்டைப் பற்றி எழுதுகிறவர்கள் மற்றப் பேச்சுகளை மறந்தாலும் இதை மறப்பதில்லை.

அதில் அவருடைய சொந்தக் குறை எதுவும் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். தமக்கு நாற்காலி கேட்கவில்லை; சம்பளம் கேட்கவில்லை. சமமாக நின்று, சிநேகம் கேட்டார். பணிந்து போகிறவன் சிநேகம் கேட்கமாட்டான், தயவு கேட்பான். அகந்தைக்காரனோ எதுவுமே கேட்கமாட்டான்.

பட்டம் வந்தபோது

இரண்டு ஆண்டுக்குப் பின், 1912 டிசம்பர் 29-ந் தேதி, கல்கத்தா பரிசுத்த பவுல் பேராலயத்தில் அசரியா பிஷப்பாக அபிஷேகம் பண்ணப்பட்டார். ஆங்கிலிக்கன் திருச்சபையில் முதல் இந்தியப் பிஷப் அவர். இதற்கு முன்னின்று பாடுபட்டவர் சென்னைப் பிஷப் ஒயிட்ஹெட். எதிர்ப்பு இல்லாமலில்லை. ஓர் இந்தியனிடம் வெள்ளைக்காரக் குருமார் உத்தரவு வாங்குவதா என்பது ஒரு சாராரின் கேள்வி. வேதனை என்னவென்றால், தமிழ்க் கிறிஸ்தவர்களிலும் எதிர்த்தவர்கள் உண்டு. அவர்களுடைய கணக்கு சாதிக் கணக்கு. ஞானஸ்நானத் தண்ணீரில் சாதி கரைந்துவிட்டதாகச் சொல்லிக்கொண்டவர்களின் சாயம் அப்போது வெளுத்தது.

முதலில் அவருக்குக் கொடுத்தது சின்னஞ்சிறு அத்தியட்சாதீனம். வேறொருவராயிருந்தால், “முதல் இந்தியனுக்கு இவ்வளவுதானா?” என்று முறுக்கிக்கொண்டிருப்பார். அவர் மாட்டு வண்டி கட்டிக்கொண்டு கிராமம் கிராமமாகப் போனார். பின்னர் எல்லை விரிந்தது. ஆங்கிலேய மிஷனரிகள் பலர் அவருக்குக் கீழ் வேலை செய்தார்கள். 1940-களின் தொடக்கத்தில் தோர்ணக்கல் சபை மக்கள் இரண்டு லட்சத்தைத் தாண்டியிருந்தார்கள்.

இந்த மக்கள் யார்? பெரும்பாலோர் மாலர், மாதிகர் என்ற தாழ்த்தப்பட்ட இனத்தார். ஊருக்கு வெளியே குடியிருப்பு. ஊர் முழுவதும் சேர்ந்து ஒதுக்கி வைத்த இவ்விரு இனத்தாரும் தங்களுக்குள் ஒருவரையொருவர் ஒதுக்கினார்கள்! மாலர் கிணற்றில் மாதிகர் தண்ணீர் எடுக்க முடியாது. மாதிகரோடு ஒரு பந்தியில் உட்கார மாலர் மாட்டார். மேட்டிமை என்பது பணக்காரன் வீட்டில் மட்டும் குடியிருக்கும் என்று நினைப்பவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். மிதிபட்டவன் தன் காலுக்குக் கீழே இன்னும் ஒருவன் இருக்கிறானா என்று தேடுகிறான். இருந்தால் அவனுக்கு ஓர் ஆறுதல்.

அசரியாவின் வேலை இந்த இடத்தில்தான் மிகவும் கடினம். இவர்களுக்கு ஒரே மூச்சில் இரண்டு பாடம் சொல்ல வேண்டியிருந்தது. “நீ கடவுளின் சாயலாகப் படைக்கப்பட்டவன், யாருக்கும் நீ இழிந்தவன் அல்ல” என்பது ஒன்று. “உன் பக்கத்துக் குடிசைக்காரனும் அப்படியே” என்பது மற்றொன்று. முதல் பாடத்தை ஆவலோடு கேட்டவர்கள் இரண்டாவதில் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். நற்கருணையில் ஒரே பாத்திரத்தில் பருகுவதற்குக்கூடச் சண்டை. அவர் காலத்தில் அது முற்றிலும் தீர்ந்துவிட்டது என்று சொன்னால் அது பொய்யாகும்.

அரசியலிலும் அவர் போக்கு தனி. 1932-ல் பிரிட்டிஷ் அரசு வகுப்புவாரித் தீர்ப்பை வெளியிட்டுக் கிறிஸ்தவர்களுக்குத் தனித்தொகுதி தந்தபோது, அது வேண்டாம் என்றார். சட்டசபையில் இடங்களைப் பங்கு போட்டுக்கொள்ளும் ஒரு கூட்டமாகச் சபை ஆகிவிடக் கூடாது என்பது அவர் கட்சி. இதில் அவரோடு மாறுபடுகிறவர்கள் உண்டு. எளியவர்களுக்குக் கிடைக்கும் பாதுகாப்பை வேண்டாமென்று சொல்ல ஒரு பிஷப்பால் முடியும், கூலிக்காரனால் முடியுமா என்று கேட்டால், அந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது.

வேதம் சொல்வது

இனிப் பிரசங்கத்துக்கு வருவோம். பவுல் அப்போஸ்தலன் பிலிப்பி பட்டணத்தில் பட்ட பாடு அப்போஸ்தலர் நடபடிகள் 16-ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. விசாரணையே இல்லாமல் அவரையும் சீலாவையும் பிரம்பால் அடித்துச் சிறையில் போட்டார்கள். விடிந்ததும் அதிகாரிகள் சேவகரை அனுப்பி, போகலாம் என்றார்கள். பவுல் நகரவில்லை. ரோமக் குடிகளான எங்களைப் பகிரங்கமாக அடித்துவிட்டு இப்போது இரகசியமாக அனுப்புவதா? அவர்களே வந்து அழைத்துப் போகட்டும் என்று உட்கார்ந்துவிட்டார். அதிகாரிகள் பயந்துபோய் நேரில் வந்து வேண்டிக்கொண்டார்கள்.

அதே பிலிப்பி ஊர்ச் சபைக்குத்தான் பவுல் பின்னால் ஒரு கடிதம் எழுதினார். கிறிஸ்து தம்மை வெறுமையாக்கி அடிமையின் கோலம் எடுத்தார், நீங்களும் தாழ்மையாயிருந்து மற்றவர்களை மேலானவர்களாக எண்ணுங்கள் என்று உருக்கமாக எழுதியது அதில்தான். பிரம்படிக்கு நியாயம் கேட்டவரும் அவரே, தாழ்மையைப் போதித்தவரும் அவரே. தாழ்மை வேண்டும் என்று பிரசங்கிக்கிறவர்கள் கடிதத்தை வாசிக்கிறார்கள். சிறைச்சாலைச் சம்பவத்தை அதோடு சேர்த்து வாசிப்பவர்கள் குறைவு.

இயேசு சீடரின் கால்களைக் கழுவியதை யோவான் விவரிக்கும்போது, அதற்கு முன்னால் ஒரு குறிப்பு வைக்கிறார். தாம் தேவனிடத்திலிருந்து வந்தவர், தேவனிடத்துக்கே போகிறவர் என்று அறிந்து எழுந்தார்; துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டார். தாம் யார் என்பதை மறந்து குனியவில்லை, தெரிந்தே குனிந்தார். வெளியில் பார்த்தால் குனிந்த முதுகு ஒன்றுதான். அடிமை குனிவதும் அப்படித்தான் இருக்கும். உள்ளே இருப்பது வேறு. 16-ஆம் நூற்றாண்டில் ஸ்பெயினில் வாழ்ந்த கன்னி மடத் துறவி அவிலா தெரேசா, தாழ்மை என்பது உண்மையில் நடப்பதுதான் என்று விளக்கினார். இருப்பதைவிடக் கூட்டிச் சொல்வதும் பொய். குறைத்துச் சொல்வதும் பொய்.

ஆயக்காரனும் பரிசேயனும் ஜெபம் பண்ணப் போன உவமை யாவருக்கும் தெரியும். பரிசேயன் செய்த நன்மைகளில் தவறில்லை. தசமபாகம் கொடுத்தான், உபவாசம் இருந்தான். அவன் கெட்டது எங்கே? பக்கத்தில் நின்றவனைத் திரும்பிப் பார்த்து, அவனைக் கொண்டு தன்னை அளந்தபோது. தார்நாகாவின் இரண்டு வியாதிகளும் இந்த அளவுகோலில் பிறந்தவைதான். உள்ளூர்க்காரனை வைத்துத் தன்னை அளந்து ஒருவன் உப்புகிறான். மெட்ராஸில் அதிகாரியாகிவிட்ட சகலையை வைத்துத் தன்னை அளந்து அவனே சுருங்குகிறான்.

அப்படியானால் அநியாயமாகத் திட்டும் மேலதிகாரியிடம் என்ன செய்வது? பைலில் இருக்கும் தப்பு தன்னுடையதானால் தன்னுடையது என்று ஒப்புக்கொள்ளலாம். அதில் மானம் போகாது. தன்னுடையது இல்லையென்றால், குரலை உயர்த்தாமல், “சார், இது நான் எழுதிய குறிப்பு அல்ல, தேதியைப் பாருங்கள்” என்று சொல்லலாம். அதில் தாழ்மையும் போகாது. சொல்வதற்குத் தைரியம் வேண்டும். வேலை போய்விடுமோ என்ற பயம் சிறுசம்பளக்காரனுக்கு உண்டு. அதைக் கோழைத்தனம் என்று சொல்லும் உரிமை வயிறு நிறைந்தவர்களுக்கு இல்லை. ஆனால் பயத்துக்குப் பயம் என்று பெயர் வைப்போமே. தாழ்மை என்று வேதத்தின் பெயரை ஏன் இரவல் வாங்க வேண்டும்?

தோர்ணக்கல் கோவில்

அசரியா கட்டிய பேராலயம் 1939 ஜனவரி 6-ந் தேதி பிரதிஷ்டை செய்யப்பட்டது. கட்டி முடிக்க ஏறக்குறைய கால் நூற்றாண்டு பிடித்தது. சீமையில் உள்ளது போல் கூரான கோபுரம் வைக்காமல், நம் நாட்டுக் கோவில் தூண்களையும் மசூதி போன்ற குவிமாடங்களையும் சேர்த்துக் கட்டினார். கிறிஸ்தவனானால் வெள்ளைக்காரனாக வேண்டியதில்லை என்பதைக் கல்லிலேயே காட்டிவிட்டார் எனலாம். தாம் தமிழர் என்பதற்காகத் தெலுங்கு நாட்டில் தஞ்சாவூர் கோபுரத்தைக் கொண்டுவந்து வைக்கவும் இல்லை.

1945 ஜனவரி 1-ந் தேதி அவர் காலமானார். அவர் பாடுபட்ட சபை ஐக்கியம் 1947 செப்டம்பர் 27-ல் தென்னிந்தியத் திருச்சபையாக உருவானதைப் பார்க்க அவர் இல்லை. அடக்கம் செய்யப்பட்டது வெள்ளாளன்விளையில் அல்ல, தோர்ணக்கல்லில். ஊர் இப்போது தெலங்கானாவின் மகபூபாபாத் மாவட்டத்தில் இருக்கிறது. பேராலயத்தில் வழிபாடு தெலுங்கில் நடக்கிறது.